முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அம்மா சொல்லிக்கொடுத்தாங்க, அதனால எழுதிட்டேன். மீதியைப் படிச்சுட்டு நாங்க நல்லா இருக்கோமான்னு நீங்களே சொல்லுங்க.

முன் அறையில ரெண்டு சிப்பாய்ங்க இருக்காங்க. விருந்தாளி இல்ல, அரசாங்க உத்தரவு. ஊர்ல வீட்டுக்கு ரெண்டு பேரை வச்சுக்கணுமாம். படுக்கை, விறகு, மெழுகுவர்த்தி எல்லாம் நம்ம பொறுப்பு. உங்க மாப்பிள்ளையோட மேசையை எடுத்துட்டு அங்க கட்டில் போட்டாச்சு. நிலம் அளந்துட்டு வந்து வரைபடம் போடுறது இப்போ சமையலறையில, சாப்பிடுற பலகை மேலதான். போன வாரம் வரைபடத்துல ஒருத்தர் தோட்டத்து மூலை மேல எண்ணெய் சிந்திடுச்சு. "விடு, குளம்னு எழுதிடலாம்"னு சிரிக்கிறார். சிப்பாய்ங்கள்ல சின்னவன் நல்ல பையன்தான். உங்க மருமகளுக்கு விசில் அடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கான். ஒன்பது வயசுப் பொண்ணு, காலையில இருந்து விசில்.

ஆனா அண்ணா, இங்க ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க. அனுமதிச்சீட்டு இல்லாம துறைமுகத்துல ஒரு படகுகூட நகரக்கூடாது. இங்க யார்மேல வழக்கு போட்டாலும் விசாரணை தலைநகர்ல. நான் திருடலன்னு சொல்றதுக்கு ஆறு வாரம் கப்பல்ல வரணும். இதையெல்லாம் போடுற சபையில நம்ம கரைக்குன்னு பேச ஒரு ஆள் கிடையாது. நாமளும் அதே அரசரோட ஜனங்கதானே? கடல் தாண்டினா ரத்தம் மாறிடுமா?

பீப்பாய் செய்யறவர் ஒருத்தர் இருக்கார், எங்க தெருக்கோடியில. "அரசாங்கக் கிடங்கைக் கொளுத்துவோம், அப்போதான் அவங்க காது கேக்கும்"னு கூட்டத்துல கத்தினார். உங்க மாப்பிள்ளை எழுந்து, "முதல்ல சொல்லிப் பாப்போம். சொல்லாம அடிக்கக்கூடாது"ன்னார். பதினாலு வருஷமா இந்த ஊர்ல எல்லைக்கல் நட்டவர். ஒரு விரல்கடை நகர்த்தினார்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அதனால கேட்டாங்க.

மனு எழுதியாச்சு. முந்நூத்திப் பன்னிரண்டு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து அவரோடது. கப்பல் தலைவர்கிட்ட கொடுத்து, உங்க வீட்டுலயே சேர்க்கச் சொல்லியிருக்கேன். நீங்க அந்த இலாகாவுலயே உக்காந்திருக்கீங்க. தபால்ல வந்தா குப்பையோட குப்பையாப் போயிடும். உங்க கையால மந்திரி மேசையில வைங்க. "என் மச்சான் அங்க இருக்கார், பதில் வரும்"னு இவர் ஊர் முன்னாடி சொல்லிட்டார்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்க தங்கச்சி

*

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் மனுவும் பத்திரமாகக் கிடைத்தன. கப்பல் தலைவர் வீட்டுக்கே வந்து கொடுத்தார். அண்ணி அவரை உட்காரவைத்து, உன்னைப் பற்றி இரண்டு மணி நேரம் விசாரித்தாள். நீ இளைத்துவிட்டாய் என்று அவர் சொன்னதாகவும், அதற்கு நான்தான் காரணம் என்றும் நேற்றிலிருந்து ஒரே பேச்சு.

என் அலுவலகத்தைப் பற்றி உனக்குப் பெரிய கற்பனை இருக்கிறது. குடியேற்றங்களுக்கான இலாகா என்றால் மாளிகை என்று நினைக்காதே. மாடிப்படிக்குக் கீழே ஒரு நீளமான அறை, எட்டு எழுத்தர்கள், ஒரு ஜன்னல். வருகிற கடிதங்களுக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்புவது என் வேலை. மந்திரியை வருஷத்துக்கு ஒரு தடவை படியில் பார்ப்பேன். அவர் என் வணக்கத்தைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இருந்தாலும் கவலை வேண்டாம். மனுவைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். மாப்பிள்ளையைப் பொறுமையாக இருக்கச் சொல். முதல் கையெழுத்தாகப் போட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நடுவில் எங்காவது போட்டிருக்கலாம்.

மருமகளுக்கு என் ஆசிகள். விசிலை நிறுத்தச் சொல்.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

உங்க கடிதத்தைக் கூட்டத்துலயே படிச்சுக் காட்டினார். "சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன்" வந்ததும் எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு கிழவர் அழுதுட்டார். நீங்க பாத்திருக்கணும்.

பீப்பாய்க்காரர் மட்டும் கை தட்டல. "எந்த இடம்? யார் கை? என்ன சொன்னாங்க? அதைச் சொல்லுங்க"ன்னார். இவர் எழுந்து நின்னார். "வருஷக் கடைசிக் கப்பல் வரைக்கும் பொறுப்போம். அதுக்குள்ள பதில் வரலன்னா நீங்க சொல்றபடி"ன்னு வாக்கு கொடுத்துட்டார். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். நாலு மாசத்துக்கு உங்க வாயை ஏன் அடகு வச்சீங்கன்னு கேட்டேன். "உன் அண்ணனை நம்பி வச்சேன்"னார்.

ஒரு விஷயம் அவர் சொன்னது மனசை விட்டுப் போகல. "நம்மளை யாரும் கேக்கலன்னு மனு எழுதுறோம். நான் சங்கிலி போட்டு அளந்த நிலத்துல நமக்கு முன்னாடி இருந்தவங்க இருந்தாங்களே, அவங்களை நாம கேட்டோமா?"ன்னார். கூட்டத்துல இதைச் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். சொல்லல. ஆனா அதுல இருந்து அவர் சரியாத் தூங்குறதில்ல.

சின்ன சிப்பாய்க்குக் காய்ச்சல் வந்துச்சு. கஷாயம் வச்சுக் கொடுத்தேன். தெருவுல ஒருத்தி, "எதிரிக்கு வைத்தியமா?"ன்னு கேட்டா. காய்ச்சல்ல கிடக்குறவன் எதிரியான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

மறக்காம எழுதுங்க அண்ணா. யார் கையில கொடுத்தீங்க? அவர் படிச்சாரா? ஒரு வார்த்தை போதும்.

உங்க தங்கச்சி

*

அக்டோபர் 14

அன்புத் தங்கைக்கு,

அலுவலகக் காரியங்களைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று உனக்குத் தெரியாதா? அந்தக் கரையிலிருந்து வரும் கடிதங்களை இப்போது பிரித்துப் பார்க்கிறார்கள். என் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தது பெரிய தவறு. என்னைக் கேட்காமல் மாப்பிள்ளை அப்படிச் செய்யலாமா? எனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

மேலிடத்து விஷயம் மேலிடத்து வேகத்தில்தான் நடக்கும். யார் கை, யார் படித்தார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இன்னொரு செய்தி. என்னைப் பிரிவுக்குத் தலைமை எழுத்தராக ஆக்கியிருக்கிறார்கள். ஜன்னல் பக்கத்து மேசை. அண்ணிக்கு மிகவும் சந்தோஷம். நீங்கள் மூவரும் புறப்பட்டு இங்கே வந்துவிட்டால் என்ன? மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. நிலம் இங்கேயும் இருக்கிறது, அளப்பவர்களும் தேவைதான். யோசித்துப் பார். இந்த வருஷத்துக்குள் கிளம்பிவிடுங்கள். ஏன் என்று கேட்காதே.

உன் அண்ணன்

*

டிசம்பர் 28

அண்ணா,

கடைசிக் கப்பல் நேத்து வந்துச்சு. பதில் இல்ல. முந்நூறு புது சிப்பாய்ங்க இறங்கினாங்க.

இவர் துறைமுகத்துல சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு வந்தார். வர்ற வழியில யாரோ, "மச்சான் கடிதம் எழுதினாரா?"ன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து, வரைபடப் பேனாவைக் கழுவித் துடைச்சு வச்சார். அதுல மையே இல்ல.

அங்க வரச் சொல்றீங்க. வாக்கு கொடுத்த ஊரை விட்டு எப்படிக் கிளம்புறதுன்னு கேக்குறார்.

தங்கச்சி

*

பிப்ரவரி 17

அண்ணா,

உங்க மாப்பிள்ளை இறந்துட்டார். பத்து நாள் ஆச்சு. இதை எழுத இன்னிக்குத்தான் கை வந்துச்சு.

பீப்பாய்க்காரரும் இருபது முப்பது பேரும் அரசாங்கக் கிடங்கைத் திறக்கப் போனாங்க. பட்டப்பகல்ல. தெரு முழுக்க ஜனம். கிடங்கு முன்னாடி சிப்பாய்ங்க வரிசையா நின்னாங்க. இவர் வீட்டுல சட்டைக்குப் பொத்தான் தைச்சுக்கிட்டிருந்தார். சத்தம் கேட்டதும் ஊசியோட எழுந்து ஓடினார். நான் பின்னாடியே ஓடினேன்.

ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல போய் நின்னுட்டார். ஜனங்களைப் பாத்து, "இன்னும் ஒரு கப்பல், ஒரே ஒரு கப்பல் பொறுங்க"ன்னு கத்தினார். யாரோ, "பொய்யன்!"னு கத்தினாங்க. கல்லு வந்துச்சு. முதல் கல்லு சிப்பாய் மேல பட்டுச்சா, இவர் மேல பட்டுச்சான்னு எனக்குத் தெரியல. அப்புறம் துப்பாக்கி. ஒன்பது பேர் விழுந்தாங்க.

அவரைத் தூக்கிட்டு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? பீப்பாய்க்காரர்தான். தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தார். மூணு நாள் இருந்தார். ரெண்டாவது நாள் தெளிவாப் பேசினார். "உன் அண்ணன்மேல கோபப்படாதே. அங்க யாரோ தாமதம் பண்ணியிருப்பாங்க"ன்னார்.

எங்க வீட்டுச் சின்ன சிப்பாய் அந்த வரிசையில இருந்தான். பை எடுக்க வந்தான். வாசல்லயே நின்னான். நான் பையைக் கொண்டுபோய் அவன் கையில கொடுத்தேன். அவன் அழுதான். நான் அழல. உங்க மருமக கதவைச் சாத்தினா.

ஊர்ல இப்போ ஒரே பேச்சு. அரசர் நம்ம மனுவை வாங்கி, படிச்சுட்டு, கிழிச்சுப் போட்டாராம். அதான் பதிலே வரலையாம். எல்லார் வீட்டுலயும் துப்பாக்கி வந்தாச்சு. இனிமே யாரும் மனு எழுத மாட்டாங்க.

எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மனுவைப் படிச்சுட்டு அவங்க என்ன சொன்னாங்க? நல்லதோ கெட்டதோ, அவர் எதுக்காக அங்க போய் நின்னாரோ அது எனக்குத் தெரியணும்.

தங்கச்சி

*

ஏப்ரல் 30

அம்மாடி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

மனுவை நான் கொடுக்கவே இல்லை.

அது வந்த மறுநாள் கோட்டு உள்பையில் வைத்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன். பழைய தலைமை எழுத்தரிடம் காட்டினேன். முதல் கையெழுத்தைப் பார்த்து, "இது யார்?" என்றார். "என் தங்கை வீட்டுக்காரர்" என்றேன். "இதைப் பதிவேட்டில் ஏற்றினால் கொண்டுவந்தவர் பேரும் ஏறும். உங்கள் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. திட்டவில்லை. நான் அதை மேசை இழுப்பறையில் வைத்தேன், நாளைக்குக் கொடுக்கலாம் என்று.

உனக்கு அந்த ஜூன் கடிதத்தை எழுதியது அன்று மத்தியானம்தான். எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை. நாளைக்குக் கொடுத்துவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் தலைமை எழுத்தர் விடுப்பு. அதற்கு மறுநாள் மந்திரிக்குக் கோபம் என்றார்கள். பிறகு நாட்கள் போயின. போகப் போக, ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அக்டோபரில் படை அனுப்பும் உத்தரவு என் மேசை வழியாகத்தான் போனது. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். காரணத்தை எழுதத் தைரியம் வரவில்லை.

மற்ற ஊர்களிலிருந்து ஆறு மனுக்கள் வந்தன. அவற்றுக்கு நான்தான் எண் போட்டேன். ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. மேல்மாடியில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. உங்கள் மனுவும் அங்கேதான் போயிருக்கும். இதை எழுதுவது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் அது உண்மை.

மாப்பிள்ளை கடைசியாகச் சொன்னதை எழுதியிருந்தாய். அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியதுதான் சரி.

அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்

*

ஜூலை 11

மனுவைக் கொடுத்திருந்தா படிச்சிருப்பாங்களா மாட்டாங்களா, அது அவங்க பாவம். கொடுக்காதது உங்க பாவம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காதீங்க.

நாலு மாசம் ஒரு ஊரே ஒரு பொய்யைப் பிடிச்சுக்கிட்டு அமைதியா இருந்துச்சு. அந்தப் பொய்க்கு அவர் ஜாமீன் நின்னார்.

இங்கேர்ந்து உங்க கரைக்கு இதுதான் கடைசிக் கப்பல்னு சொல்றாங்க. எனக்கு அது நல்லதுதான். எழுதாதீங்க.

*

மே 6

அன்புத் தங்கைக்கு,

எழுதாதீர்கள் என்று நீ சொல்லி எட்டு வருஷம் ஆகிறது. போர் முடிந்து, கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அதனால் எழுதுகிறேன். படிக்காமல் எறிந்தாலும் சரி.

அண்ணி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சண்டை தொடங்கிய வருஷமே. அதன் பிறகு அவள் என்னோடு பேசினாள், சமைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தாள். ஆனால் உன் பெயரை என் முன்னால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்றா சொன்னேன்? உங்கள் கரை கைவிட்டுப் போனதும் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். பெட்டிகளை இறக்கினார்கள். அந்த ஆறு மனுக்களும் முத்திரை உடையாமல் இருந்தன. பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின.

உங்கள் மனு என்னிடமே இருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். இனி யாருக்கும் அது தேவையில்லை. மாப்பிள்ளையின் கையெழுத்து அதில் இருக்கிறது, அதனால் உனக்கு.

எனக்கு அறுபது ஆகிறது. கண் மங்கல். இந்த ஊரில் எனக்கென்று ஒருவரும் இல்லை. உன்னிடம் வந்து இருக்கலாமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 3

அண்ணா,

உங்க கட்டு வந்து ஒரு வாரம் பிரிக்கல. அப்புறம் பிரிச்சேன்.

வீடு சண்டையில எரிஞ்சுபோச்சு, உங்களுக்குத் தெரியாது. வரைபடங்க, பேனா, சங்கிலி எல்லாம் போச்சு. நான் வெளிய இழுத்துப் போட்ட துணிப்பெட்டியில, நீங்க உண்மையை எழுதின ஏப்ரல் கடிதம் மட்டும் மிஞ்சுச்சு. அவர் கையால எழுதினது ஒரு துண்டு காகிதம்கூட என்கிட்ட இல்லாம இருந்துச்சு. இப்போ இருக்கு. அவர் கையெழுத்துக்கு நடுவுல ஒரு இடத்துல பேனா நின்னு மை ஊறியிருக்கு. யாரோ கூப்பிட்டிருப்பாங்க. நானா இருக்கும்.

முந்நூத்திப் பன்னிரண்டு பேரையும் படிச்சேன். அதுல இப்போ உயிரோட இருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், நூத்தித் தொண்ணூறாவது பேரோட நிறுத்திட்டேன்.

கிடங்கு முன்னாடி ஒரு கல் நட்டு, அன்னிக்கு விழுந்த எட்டுப் பேர் பேரை வெட்டியிருக்காங்க. எட்டு. அவர் பேரு இல்ல. "பொறுங்கன்னு சொன்னவர்தானே"ங்கிறாங்க. அதனால மனுவையும் உங்க ஏப்ரல் கடிதத்தையும் எடுத்துக்கிட்டு ஊர்த்தலைவர்கிட்ட போனேன். பீப்பாய்க்காரர்தான் இப்போ தலைவர். ரெண்டையும் ரெண்டு தடவை படிச்சார். எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தார்.

"அக்கா, இதை உள்ள வச்சிருங்க"ன்னார்.

"அவர் பொய் சொல்லலன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

"அவர் நல்லவர்னு எனக்குத் தெரியும். என் தோள்லதான் தூக்கிட்டு வந்தேன். ஆனா இந்த ஊர்ல நாப்பது வீட்டுல பிள்ளைங்க திரும்பி வரல. அரசர் மனுவைக் கிழிச்சார்னுதான் அவங்க போனாங்க. அரசர் கண்ணுலயே அது படலன்னு நான் அந்தத் தாய்மார்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"மத்த ஆறு மனுவும் படிக்காமத்தான் கிடந்துச்சாம்"னேன்.

"அப்போ நாம சண்டை போட்டது சரிதானே?"ன்னு கேட்டார். அதைச் சத்தமாச் சொல்லல, என்கிட்ட கேட்டார் அண்ணா. அவ்வளவு பெரிய மனுஷன், நான் ஆமான்னு சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தார். நான் ஆமான்னேன். இப்பவும் ஆமான்னுதான் நினைக்கிறேன். ஆனா மனு போகலன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, அவர் இருந்திருப்பார். இல்ல, வேற எவனாவது நடுவுல நின்னு செத்திருப்பான். எனக்குத் தெரியல.

கல்லுல பேரு சேர்க்கிறேன்னு சொல்லியிருக்கார். காரணம் எழுத மாட்டாராம். பேரு மட்டும். சரின்னுட்டேன். உங்க கடிதத்தைக் கொண்டுவந்து துணிப்பெட்டி அடியில வச்சேன். வைக்கும்போதுதான் எவ்வளவு சுலபமா வைக்க முடியுதுன்னு தெரிஞ்சுது. உங்களை மன்னிச்சேன்னு நினைக்காதீங்க. தெரிஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்றேன்.

இன்னொண்ணு இருக்கு. உங்க மருமகளுக்குப் பதினெட்டு ஆகுது. சின்னப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குறா. போன வாரம் ஜன்னல் பக்கமா நடந்து போனேன். அரசர் மனுவை எப்படிக் கிழிச்சார்னு கையால கிழிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. அத்தனை பிள்ளைங்களும் வாய் திறந்து பாத்துக்கிட்டிருந்துச்சுங்க. அவங்கப்பாவோட கதைன்னு அவளுக்கு அதுல ஒரு பெருமை. அவகிட்ட நான் சொல்லல. எட்டு வருஷமா சொல்லல. மாமா எப்படி இருக்கார்னு கேட்டா, தபால் இல்லன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கேன்.

என்னால முடியாது. அது நீங்க சொல்ல வேண்டியது. கடிதத்துல இல்ல, அவ முகத்தைப் பாத்து.

புது வீட்டுல பின் அறை சின்னது, ஆனா வெளிச்சம் நல்லா வரும். அக்டோபர் கப்பல்ல கடல் அவ்வளவா ஆடாதுன்னு சொல்றாங்க. கம்பளி கொண்டு வாங்க. துறைமுகத்துக்கு நான் வருவேனான்னு இப்போ சொல்ல முடியாது. வரலன்னா கிடங்குத் தெருவுல நேரா வந்து, கல்லு தாண்டி இடது பக்கம் மூணாவது கதவு.

வந்த அன்னிக்கே அவகிட்ட சொல்லணும்னு இல்ல. முதல்ல சாப்பிடுங்க.

தங்கச்சி